லேயில் முதல் இரண்டு நாள்: படைவீரரின் உடலிலிருந்து கற்ற உயர்மலை மருத்துவம்

லடாக்கின் லே விமான நிலையத்தில் வந்திறங்கும் படைவீரருக்கு அங்கே கிடைக்கும் முதல் கட்டளை, ஓய்வெடு என்பதுதான். இரண்டு நாள்களுக்கு அவர் கட்டிலை விட்டு அதிகம் நகரக் கூடாது. உணவுக்கூடத்துக்கும் கழிப்பறைக்கும் போய்வரலாம். அதற்கு மேல் எந்த வேலையும் கிடையாது. பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுச் சிரித்தபடி நிற்கக்கூடிய இருபத்திரண்டு வயது இளைஞருக்கு, உடம்பில் ஒரு குறையும் இல்லாதபோது எதற்கு இந்தப் படுக்கை என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அந்த இரண்டு நாள் ஓய்வுக்குப் பின்னால், பணியில் இருந்த இந்தியப் படைவீரர்களை வைத்தே அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் மருத்துவ ஆய்வு இருக்கிறது. அந்த விதியை எழுத வைத்தவர்கள், அது இல்லாத காலத்தில் மலையேற்றப்பட்டு மூச்சுத் திணறி விழுந்த அவருடைய முன்னோடிகள்.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர், அதாவது சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் அங்கும் ஒன்றுதான். நூற்றுக்கு 21 பங்கு. குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதிதான். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்துக்குள் சேரும் ஆக்சிஜனும் குறைகிறது. உடல் உடனே வேகமாக மூச்சு விடத் தொடங்குகிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிச் சமன் செய்தால்தான் மூச்சு மேலும் ஆழமாக ஓட முடியும். இந்த வேலைக்குச் சில நாள்கள் ஆகும். எவ்வளவு வலிமையான உடலானாலும் சிறுநீரகத்தை அவசரப்படுத்த முடியாது. மலை உயரத்துக்கு உடல் பழகுவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

காத்திருக்காதவர்களுக்கு நேர்வது பல படிகளில் இருக்கும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று தொடங்கும் உயர்மலை நோய் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் ஆக்சிஜன் குறைவால் சீரற்று இறுகுகின்றன. இறுகாத பகுதிகளுக்கு இரத்தம் மிகுந்த அழுத்தத்தோடு பாய்ந்து, மெல்லிய தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து மூச்சறைகளை நிரப்புகிறது. இதுவே உயர்மலை நுரையீரல் நீர்க்கோர்வை. படையினர் பேச்சில் ‘ஹேப்போ’. பொதுவாக, மேலே வந்த இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வறட்டு இருமலோடு அது தொடங்கும். நேற்று ஏறிய அதே மேட்டில் இன்று கால் நகராது. பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டும், இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கினால் பெரும்பாலானோர் வியக்கத்தக்க வேகத்தில் தேறிவிடுவார்கள். தாமதித்தால் உயிர் போய்விடும்.

1962க்கு முன்பு இந்தியப் படை இதைப் பெரிய அளவில் சந்தித்திருக்கவில்லை. அந்த ஆண்டு சீனாவுடன் போர் மூண்டபோது, சமவெளியில் இருந்த பட்டாலியன்கள் விமானத்தில் லேக்கும், அதைவிட உயரமான சுஷுலுக்கும் அவசரமாகக் கொண்டுபோய் இறக்கப்பட்டன. காலையில் பஞ்சாப் சமவெளியில் இருந்தவர் அன்றைய பகலிலேயே பதினோராயிரம் அடிக்கு மேல் நின்று மூட்டை சுமந்தார். எதிரியின் குண்டு படாமலேயே ஆட்கள் விழுந்தார்கள். அந்தக் காலத்தில் இத்தகைய மரணங்கள் உலகின் பல இடங்களில் நிமோனியா என்றே பதிவாகிவந்தன. பெரு நாட்டு மருத்துவர்கள் முன்பே இதைக் கண்டிருந்தார்கள் என்றாலும், இது தனியான ஒரு நோய் என்பதை ஆங்கில மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டனின் கட்டுரை வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அடுத்த சில ஆண்டுகளில் இந்திய இராணுவ மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறையின் அடித்தளம் ஆயின. 1965இல் என்.டி. மேனன், லே மருத்துவமனையில் தாம் பார்த்த 101 நீர்க்கோர்வை நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 332 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1969இல் இந்தர் சிங் குழுவின் மற்றொரு கட்டுரை, உயர்மலை நோய் கண்ட 1,925 படைவீரர்களை விவரித்தது. அதுவரை உலகம் அறிந்திருந்ததெல்லாம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மலையேறிகள், சில பனிச்சறுக்கு வீரர்கள், ஆண்டிஸ் மலையின் சுரங்கத் தொழிலாளர்கள் ஆகியோரின் கதைகளே என்பதை நினைத்தால், இந்த எண்களின் கனம் புரியும்.

ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமான ஒன்று படையிடம் இருந்தது. மொத்தம் எத்தனை பேர் மேலே போனார்கள் என்ற கணக்கு அது. சுற்றுலாப் பயணிகளில் பத்துப் பேர் மருத்துவமனைக்கு வந்தால், எத்தனை ஆயிரம் பேரில் அந்தப் பத்து என்று சொல்வது கடினம். படையிலோ யார், எந்த நாளில், எங்கிருந்து, விமானத்திலா சாலையிலா, எந்த உயரத்துக்கு என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். உணவும் உடையும் வேலையும் ஏறத்தாழ ஒரே மாதிரி. அதனால்தான் ஒரே உயரத்தில் நோய் விகிதம் ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்வியையே அவர்களால் கேட்க முடிந்தது. படிப்படியாக ஏறியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக வந்த நீர்க்கோர்வை, அவசரமாக ஏற்றப்பட்ட சில பிரிவுகளில் நூற்றுக்கு 15 பேர் வரை தாக்கியது. உயரத்தைக் காட்டிலும் ஏறும் வேகமே ஆளைக் கொல்கிறது என்ற முடிவுக்கு மலை மருத்துவம் இத்தகைய கணக்குகளின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நோய் எங்கிருந்து எழுகிறது என்ற கேள்விக்கும் படைவீரர்களின் உடலே விடை தந்தது. நுரையீரலில் நீர் சேர்ந்தால் இதயத்தின் இடப்பக்கம் பலவீனப்பட்டிருக்கும் என்பது மருத்துவர்களின் வழக்கமான ஊகம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் எஸ்.பி. ராயும் அவருடன் பணியாற்றியவர்களும், நீர்க்கோர்வை கண்ட வீரர்களின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் அழுத்தத்தை அளந்து, 1969இல் வெளியிட்டார்கள். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக உயர்ந்திருந்தது; இதயத்தின் இடப்பக்க அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. பிற நாடுகளில் சிலரிடம் செய்த அளவீடுகளும் இதையே காட்டின. ஆகவே இது இதயத் தளர்ச்சி அல்ல, நுரையீரல் குழாய்களின் இறுக்கம். தமனி அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் போன்ற மருந்துகள் பிற்காலத்தில் இந்த நோய்க்குப் பயன்பட்டதற்கு அந்தத் தெளிவே வழி வகுத்தது.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. இந்தர் சிங் குழு, நீரைப் பிரியச் செய்யும் ஃபுரோசமைடு மருந்தை நோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுத்து, அதனால் நல்ல பலன் கிடைத்ததாக எழுதியது. நோய் வராமல் தடுக்கவும் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் முறையாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வாக அது இருக்கவில்லை. மருந்தோடு ஓய்வும் ஆக்சிஜனும் சேர்ந்தே கிடைத்தபோது, எது குணப்படுத்தியது என்று எப்படிச் சொல்வது? 1970களின் தொடக்கத்தில் பிறர் ஒப்பிட்டுச் சோதித்தபோது, ஃபுரோசமைடு மலை நோயைத் தடுக்கவில்லை என்பதும், ஏற்கெனவே நீர் வற்றிய உடலை அது மேலும் தளர்த்தக்கூடும் என்பதும் தெரிந்தன. அதே குழு, மலை நோய் முற்றி மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஸ்டீராய்டு மருந்தோ சரியான பாதையாக அமைந்தது. அதே வகையைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன் இன்றும் உயிர்காக்கும் மருந்து. ஒரே மருத்துவர்கள், ஒரே நோயாளிகள், ஒரே அக்கறை; ஒன்று நிலைத்தது, ஒன்று பிழையாயிற்று. போர்முனையில் ஆளைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்பதால் ஒப்பீட்டுக் குழு வைக்காமல் போனதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அமைதிக் காலத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த அனுபவத்திலிருந்து உருவான ஏற்பாட்டை லடாக்கில் பணிபுரிந்த எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஆறு, நான்கு, நான்கு. முதல் கட்டம் 9,000 முதல் 12,000 அடி வரை, ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. மூன்றாம், நான்காம் நாள்களில் சமதளத்தில் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் வரை மெதுவான நடை. மேடு ஏறக் கூடாது. ஐந்தாம், ஆறாம் நாள்களில் ஐந்து கிலோமீட்டர் வரை நடந்து, முந்நூறு மீட்டர் வரை நிதானமாக ஏறலாம். அடுத்து 15,000 அடி வரை இரண்டாம் கட்டம், அதற்கு மேல் மூன்றாம் கட்டம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள். இந்தக் கட்டங்களிலும் முதலில் நடை, பிறகு சுமையில்லாத ஏற்றம், கடைசி நாளில்தான் சுமையோடு ஏற்றம். பதினான்கு நாள்கள் முடிந்த பிறகே அவர் மேல் சாவடிக்குத் தகுதி பெறுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தெரியலாம். அந்த நாள்களில் உள்ளே சிறுநீரகமும் நுரையீரலும் இரத்தமும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

இதில் நம் பக்கத்து மக்கள் அடிக்கடி கொள்ளும் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கிறது. ஊட்டிக் குளிரில் பயிற்சி எடுத்தவனுக்கு லடாக் என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்கள் உண்டு. வெல்லிங்டன் ஏறத்தாழ 6,000 அடிதான். உயர்மலை நோய் பொதுவாகத் தலைகாட்டுவது 8,000 அடிக்கு மேல். குளிரைத் தாங்குவது வேறு, மெல்லிய காற்றுக்குப் பழகுவது வேறு. ஸ்வெட்டர் குளிரைத் தடுக்கும். காற்றழுத்தம் குறைவதைத் தடுக்க ஆடை எதுவும் இல்லை. உடற்பயிற்சியும் கவசமாகாது. நல்ல உடற்கட்டு உள்ளவர் தன் வலிமையை நம்பி முதல் நாளிலேயே அதிகம் உழைத்துவிடுவதால், அவருக்கே ஆபத்து கூடுவதும் உண்டு.

1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படையின் நடவடிக்கை தொடங்கியதும் கேள்விகளே மாறின. அதுவரை ‘மேலே போனால் என்ன ஆகும்’ என்று கேட்ட மருத்துவம், ‘மேலேயே இருந்தால் என்ன ஆகும்’ என்று கேட்க வேண்டி வந்தது. 5,800 மீட்டருக்கு மேல் மனிதர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கியதற்கு முன்மாதிரி மிக அரிது. நிரந்தரக் கிராமம் எதுவும் அந்த உயரத்தில் கிடையாது; மலையேறிகள் சிகரம் தொட்டதும் இறங்கிவிடுவார்கள். இந்தர் ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், 5,800 முதல் 6,700 மீட்டர் வரை பல வாரங்கள் தங்கிய 21 படைவீரர்களுக்கு இதயத்தின் வலப்பக்கம் வீங்கி, உடலெங்கும் நீர் கோத்து, மூச்சு வாங்கியதை விவரித்தார்கள். நன்றாகப் பழகிய உடல்கள்தான் அவை. முதல் வாரத்தின் கண்டத்தைத் தாண்டியவர்கள்தான். மாதக்கணக்கில் இறுகிய நுரையீரல் தமனிகளுக்கு எதிராக இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போயிருந்தது. சமவெளிக்குக் கொண்டுவந்ததும் அவர்கள் தேறினார்கள்.

இன்னொரு ஆபத்து இரத்தம் கட்டியாவது. உயரத்தில் நாள்பட இருந்தால் சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் கெட்டியாகிறது. குளிரில் தாகம் தெரியாமல் உடல் வற்றுகிறது. பனிப்புயலில் நாள்கணக்கில் கூடாரத்துக்குள் கால் மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. 2001இல் இராணுவ மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, உயர்மலையில் நீண்ட காலம் இருப்பவர்களுக்கு இரத்தக்கட்டு வரும் வாய்ப்பு சமவெளியில் இருப்பவர்களைவிட ஏறத்தாழ 30 மடங்கு என்று கணித்தது. முப்பது வயதுகூட ஆகாத ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் மருத்துவர், நீங்கள் எங்கே பணிபுரிந்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டிய காரணம் இதுதான்.

ஆய்வுகளின் நுணுக்கத்தில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. அது போதிய கவனம் பெறுவதில்லை என்பது என் கருத்து. உயர்மலை நோயை அளவிட உலகெங்கும் பயன்படும் லேக் லூயிஸ் அளவுகோலில் தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றுக்குத் தலா சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். 2018இல் திருத்தப்பட்டபோது உறக்கக் குறைவு அதிலிருந்து நீக்கப்பட்டது. தலைவலி கட்டாயம் இருக்க வேண்டும், கூட்டுத்தொகை மூன்றாவது வர வேண்டும். அப்போதுதான் நோய் என்று கணக்கு. இப்போது, சிவகங்கைப் பக்கத்திலிருந்து போன ஒரு வீரரிடம் இந்தியில் தலைவலி இருக்கிறதா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் ஓடுவது ‘தல கனக்குது’ என்பதாக இருக்கலாம், ‘கிறுகிறுன்னு வருது’ என்பதாக இருக்கலாம். கனப்பு வலியாகுமா? கிறுகிறுப்பு எந்தக் கட்டத்தில் விழும்? இல்லை என்று அவர் தலையசைத்தால் கணக்கில் அவர் நலமானவர். அதோடு, நோய் என்று சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், உடனிருப்பவர்கள் கேலி செய்வார்கள் என்ற தயக்கமும் சேர்ந்துவிடும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சிறு கருவி இருக்கிறதுதான். ஆனால் மெல்லிய காற்றில் எல்லோருக்குமே அளவு குறைந்திருக்கும் என்பதால், நோயாளியைப் பிரித்துக் காட்ட அது மட்டும் போதாது. அவரவர் தாய்மொழியில், அவரவர் ஊர்ச் சொற்களோடு கேட்கப்படும் கேள்விக்கு ஈடு இல்லை.

அந்தத் தயக்கம் இதைவிடப் பெரிய ஒரு கேள்விக்கு இட்டுச் செல்கிறது. பணியில் இருக்கும் வீரர் ஆய்வுக்கு ‘முடியாது’ என்று சொல்ல முடியுமா? மேலதிகாரி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும்போது, மருத்துவரும் தோளில் நட்சத்திரம் அணிந்த அதிகாரியாகவே இருக்கும்போது, நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் கட்டளையை நிறைவேற்றுவதும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், பாதுகாப்புப் படையினரைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் குழுவில் வைப்பதற்குக் காரணம் அதுவே. உடல் நலிந்தவர்கள் என்பதற்காக அல்ல. அதிகார அடுக்கில் கீழே நிற்பவர்கள் என்பதற்காக. ஒப்புதல் கேட்கும் அறையில் நேரடி மேலதிகாரி இருக்கக் கூடாது, மறுத்தவர் யார் என்பது பிரிவுக்குத் தெரியக் கூடாது, விளக்கம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இவை சிறிய ஏற்பாடுகள்தான். ஆனால் இவை இல்லாத இடத்தில் ‘தன்னார்வலர்’ என்ற சொல் வெறும் சொல்லாகவே நிற்கும்.

ஆய்வு முடிவுகளைப் பொதுமக்களுக்குப் பொருத்தும்போதும் எச்சரிக்கை வேண்டும். படையில் சேரும்போதே இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் இளம் ஆண்கள். அமர்நாத்துக்கும் கயிலாயத்துக்கும் தமிழகத்திலிருந்து போகிறவர்களில் பலர் ஓய்வுபெற்ற வயதினர், பெண்கள் கணிசமானோர், பையில் இரத்த அழுத்த மாத்திரையோடு போகிறவர்கள். அமர்நாத் குகை 3,900 மீட்டரை ஒட்டியது. மானசரோவர் ஏரி 4,500 மீட்டருக்கு மேல். கயிலையை வலம் வரும் பரிக்கிரமையில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டர் உயரம். வீரர்களுக்குப் பதினான்கு நாள் தரும் ஏற்பாட்டை, பயண நிறுவனங்கள் பாதி நாள்களுக்குள் சுருக்கி விற்பதை நான் கவலையோடு பார்க்கிறேன். வலிமையான உடலுக்கே இத்தனை நாள் வேண்டும் என்று தெரிந்த பிறகு, நலிந்த உடலுக்குக் குறைவான நாள் போதும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது?

பழகிய உடல் பழக்கத்தை மறக்கும் என்பதும் படை கற்றுக்கொண்ட பாடம். ஆறு மாதம் லடாக்கில் இருந்த ஒருவர் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டால், திரும்பிப் போகும்போது அவர் மறுபடியும் புதியவர். நான்கு வாரங்களுக்கு மேல் கீழே இருந்தவர் முழு பதினான்கு நாளையும் மீண்டும் கடக்க வேண்டும். பத்து நாளுக்கு மேல், நான்கு வாரத்துக்குள் என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு நாள் கொண்ட சுருக்கமான பழக்கம். நமக்கென்ன, பழகிய இடம்தானே என்ற நினைப்புதான் இங்கே எமன். விடுமுறை முடிந்து திரும்பியவர்களுக்கு நீர்க்கோர்வை வருவதை மருத்துவர்கள் தனியாகவே குறித்திருக்கிறார்கள். 2020இல் கல்வான் மோதலுக்குப் பின் பல்லாயிரம் பேர் குறுகிய காலத்தில் கிழக்கு லடாக்கில் குவிக்கப்பட்டபோது, 1962இன் துயரம் அதே வடிவில் திரும்பாமல் பார்த்துக்கொள்ள இந்த ஏற்பாடும் படையின் கையில் இருந்தது.

மலையில் எல்லா ஆபத்தும் மருத்துவத்தின் கைக்குள் இல்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியன் சாவடி மீது பனிப்பாளம் சரிந்து பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் தமிழகத்து வீரர்களும் இருந்தார்கள், ஒரு மருத்துவ உதவியாளரும் இருந்தார். அந்த உயரத்தில் தினமும் மற்றவர்களின் மூச்சையும் விரல்களையும் பார்த்து, இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டுக் குறித்து வைப்பவர் அந்த உதவியாளர்தான். நாம் பெரிய எண்களாகப் படிக்கும் ஆய்வுகளின் முதல் வரி அத்தகையவர்களின் குறிப்பேட்டில்தான் எழுதப்படுகிறது.

இந்தத் துறையில் அடுத்து நடக்க வேண்டியது, மலையிலிருந்து இறங்கியவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்ப்பது. அமெரிக்கப் படை 2001இல் தொடங்கிய மில்லேனியம் கோஹார்ட் ஆய்வில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். சீருடையைக் கழற்றிய பிறகும் அவர்களுடைய உடல்நலம் தொடர்ந்து கேட்டறியப்படுகிறது. நம் வீரர் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறார். வங்கி வாசலில் காவலராகவோ சொந்த நிலத்தில் விவசாயியாகவோ அடுத்த முப்பது ஆண்டுகளை வாழ்கிறார். எந்த ஆண்டு எந்த உயரத்தில் எத்தனை நாள் இருந்தார் என்பது அவருடைய பணி ஏட்டில் இருக்கிறது. ஐம்பது வயதில் அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு, இதயம் எப்படி, மறதி வருகிறதா என்பதெல்லாம் 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் மருந்தகங்களில், வேலூரிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தினமும் எழுதப்படும் சீட்டுகளில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இரண்டு ஏடுகளையும் அவருடைய ஒப்புதலோடு அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வுதான் எனக்கு இப்போது மிக அவசரமானதாகப் படுகிறது. அதற்காக யாரையும் புதிதாக மலையேற்ற வேண்டிய தேவைகூட இல்லை.